லேப்டாப் விலை இறங்கட்டும் என்றேன்

1

போன வாரம் பினாங்கில் ஒரு கூரியர் அலுவலகத்துக்குப் போய், நான் ஊருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த லேப்டாப்பை நானே திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். பெட்டி பிரிக்கப்படவில்லை. அட்டையின் மேல் என் தங்கை வசந்தாவின் கையெழுத்தில் என் பெயரும் முகவரியும் இருந்தன. அனுப்புநர் இடத்தில் கீரமங்கலம் என்று போட்டிருந்தாள். தன் பெயரை எழுதவில்லை.

கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, "ரோசாக்?" என்று கேட்டாள். பழுதா என்று அர்த்தம். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் திரும்பி வருகிறது, காரணம் எழுத வேண்டும் என்றாள். நாற்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். மலாயில் பேரம் பேசுவேன், போலீஸ்காரனோடு வாதம் செய்வேன். தாய்மாமன் சீர் என்பதை மட்டும் அந்த மொழியில் சொல்ல வரவில்லை. பரிசு என்றேன்.

"பரிசை யாராவது திருப்பி அனுப்புவார்களா, அங்கிள்?"

அனுப்புவார்கள். அதுவும் லேப்டாப் விலையில் ஒரு நல்ல பங்கைக் கூரியர் கூலியாகக் கட்டி அனுப்புவார்கள். என் தங்கை கணவர் மருதையன் பூக் கொல்லை வைத்திருக்கிறவர். மழையில் நனைந்த மல்லிகையைக்கூடக் குப்பையில் கொட்ட மனம் வராமல் உலர்த்திப் பார்க்கிறவர். அந்த மனிதர் இவ்வளவு செலவு செய்து ஒரு பொருளை வீட்டை விட்டு வெளியேற்றினார் என்றால் அவருடைய கோபம் எத்தகையது என்று யோசித்துக்கொள்ளுங்கள். கோபம் நியாயமானது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

லேப்டாப் விலை ஏன் குறைந்துகொண்டே வருகிறது என்று கேட்டால் நான் மணிக்கணக்கில் பேசுவேன். கல்யாண வீட்டில் பேசியிருக்கிறேன், துக்க வீட்டிலும் பேசியிருக்கிறேன். லேப்டாப்புக்குள் போகிற போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் சேர்ந்து, அதற்கே மேலாளராகி ஓய்வு பெற்றவன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கண்ணாடித் தகட்டைச் செய்து அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் திரை செய்கிறார்கள். தகடு பெரிதாகப் பெரிதாக ஒரே தடவையில் நிறையத் திரைகள் கிடைக்கும், கழிவு குறையும். முன்பு போர்டில் தனித்தனியாக உட்கார்ந்திருந்த நாலைந்து சில்லுகளின் வேலையை இப்போது ஒரே சில்லு பார்த்துவிடுகிறது. கைப்பேசிக்குச் சில்லு செய்தவர்கள் லேப்டாப்புக்கும் செய்ய வந்துவிட்டதால் ஒருவர் விலையை இன்னொருவர் உடைக்கிறார். இதெல்லாம் நேர்மையான காரணங்கள்.

மற்றவை அப்படியல்ல. நினைவகத்தை முன்பெல்லாம் செருகி வைப்போம். போதவில்லை என்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். இப்போது அதைப் போர்டோடு வைத்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஒரு பாகம் மிச்சம், ஒரு ஆளின் வேலை மிச்சம். வாங்கியவனுக்குப் போதவில்லை என்றால் முழு மிஷினையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே இடத்தைக் குறைத்துவிட்டு, உங்கள் படங்களைப் பத்திரப்படுத்த மாதச் சந்தா கேட்கிறார்கள். நீங்கள் கேட்காத புரோகிராம்களை ஏற்றித் தருகிறார்கள். ஏற்றுவதற்கு அந்தக் கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொள்கிறார்கள். பெரிய அலுவலகங்கள் சில வருஷம் வாடகைக்கு வைத்திருந்துவிட்டுக் கழித்தவற்றைத் துடைத்துச் சரிசெய்து மறுபடி கடைக்குக் கொண்டுவருகிறார்கள். புதியவை அவற்றோடும் மோத வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் நான். எங்கள் பிரிவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பூதக்கண்ணாடி வழியாகப் பற்றவைப்புகளைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கேமரா வைக்கலாமா என்று மேலிடம் கேட்டபோது, வைக்கலாம், மலிவு என்று எழுதிக் கொடுத்தவன் நான். அன்று எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மிஷினிலும் கொஞ்சம் விலை குறைந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதால் எனக்கு ஒரு கெட்ட குணம் வந்தது. யார் எதை வாங்கப் போனாலும், "இப்போது வாங்காதே, இன்னும் இறங்கும்" என்பேன். இறங்கவும் செய்யும். என் மகன் குமரன் ஒருநாள் ஆங்கிலத்தில் சொன்னான்: "அப்பா, நீங்கள் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. உங்களிடம் பொருள்தான் இருப்பதில்லை." அவன் அப்பனோடு தமிழில் பேசுவதை விட்டு வெகுகாலமாகிறது. அதனால் அதை அவமரியாதை என்று ஒதுக்கிவிட்டேன். புத்தி என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

3

வசந்தா எங்கள் வீட்டில் கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரு தலைமுறை இடைவெளி. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்தவள் அபிநயா, ஒரே மகள். அவள் புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்த சமயத்தில்தான் கீரமங்கலம் பக்கத்தில் அவர்கள் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வந்தது. நான் போயிருந்தேன்.

பிறந்த வீட்டுச் சீர் என்றால் எங்கள் பக்கம் சும்மா கொண்டுபோய் வைத்துவிட முடியாது. மேளத்தோடு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் வர வேண்டும். மைக்கில் ஒருவர் என்னென்ன சீர் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அண்டா, குத்துவிளக்கு, பட்டு எல்லாம் சொல்லி முடித்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் காதில் போய்ச் சொன்னேன். அவர் மைக்கில் முழங்கினார்: "பினாங்கு மாமா சார்பில், தங்கச்சி மகளுக்கு லேப்டாப்! அடுத்து வருது!"

கை தட்டினார்கள். அபிநயா ஓடி வந்து, "நெசமாவா மாமா?" என்றாள்.

"பின்னே? மாமன் பொய்யா சொல்லுவேன்?"

மருதையன் அந்த வாரமே புதுக்கோட்டையில் ஒரு கடையில் லேப்டாப் விசாரித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. வெங்காயத் தோல் மாதிரி இளைத்த மனிதர், ஆனால் மகளுக்கு வாங்க வழி இல்லாதவரல்ல. அன்று மாலையே கடைக்காரருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் சபையில் சொன்ன பொருளைத் தகப்பன் முந்திக்கொண்டு வாங்கினால் அது மாமனைச் செருப்பால் அடித்த மாதிரி. "மச்சான் மைக்குல சொன்னபெறகு நாம வாங்குனா அவுகளுக்கு அசிங்கம்" என்று வசந்தாவிடம் சொன்னாராம். என் வாய்ச்சொல்லால் அந்த வீட்டில் வேறு யாரும் லேப்டாப் வாங்க முடியாமல் போய்விட்டது.

அந்த வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. படிப்பு முடிவதற்குள் அபிநயா வேலை வாங்கிவிட வேண்டும். வாங்கினால் அவள் இஷ்டம். இல்லையென்றால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். மருதையன் இதைச் சாப்பாட்டுப் பந்தியிலேயே என்னிடம் சொன்னார். "பிள்ளை பொழச்சுக்கும் மாப்பிள்ளை" என்று சிரித்தேன்.

4

பினாங்கில் ஓய்வுபெற்றவனின் நாள் நீளமானது. காலையில் நடை, சந்தை ஓரத்தில் ஒரு கோப்பி, பிறகு வீடு. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். தாத்தா என்று கூப்பிடுவார்கள், அதற்கு மேல் தமிழ் கிடையாது. நான் என் லேப்டாப்பைத் திறந்து அபிநயாவுக்கான லேப்டாப்பைத் தேட ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், அது என் பொழுதுபோக்காகிவிட்டது. எந்த மாடல், எந்தச் சில்லு, போன மாதம் என்ன விலை, இந்த மாதம் என்ன விலை. விலை இறங்கும் படங்களை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

"மாமா, தீபாவளிக்கு வாங்கிரலாம்னீங்க?"

"புதுச் சில்லு வருது ஆத்தா. வந்தா இந்த மாடல் விலை விழும்."

"பழசே போதும் மாமா. லேப்ல நாலு மணிக்கு வெளிய தள்ளிர்றாங்க. போன்ல புரோகிராம் அடிச்சா கண்ணு வலிக்குது."

"மாமன் எதுக்கு இருக்கேன்? பொறுத்தா ரெண்டு மடங்கு நல்லதா கிடைக்கும்."

பொங்கல் போயிற்று. அடுத்த தீபாவளியும் போயிற்று. வசந்தா ஒருதடவை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அங்கிட்டு வீட்ல சும்மா கெடக்குறது ஏதாச்சும் இருந்தாக் குடுத்து விடுங்களேன். ஊர்க்காரவுக யாராச்சும் வருவாகள்ல?"

இருந்தது. பேரனுடைய பழைய மிஷின். மூடியில் ஒரு கீறல், மற்றபடி நன்றாக ஓடும். ஆனால் மைக்கில் சொன்ன சீருக்குப் பழசை அனுப்பினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். குமரன் அதைக் கடைவீதியில் இருந்த மின்கழிவுப் பெட்டியில் போட்டபோது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

5

கடைசி வருஷத்தில் ஒரு கம்பெனி அவர்கள் கல்லூரியிலிருந்து ஆள் எடுக்க முன்வந்தது. முதல் வடிகட்டலில் அபிநயா தேறினாள். அடுத்தது ஆன்லைன் பரீட்சை. வீட்டிலிருந்து எழுத வேண்டும், கேமரா உள்ள லேப்டாப் வேண்டும், போன் ஆகாது, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கல்லூரி லேப் கணினிகளில் கேமரா கிடையாது. தோழிகளிடம் கேட்கலாம் என்றால் எல்லாருக்கும் அதே நேரத்தில் அதே பரீட்சை.

"மாமா, இது கெடைச்சா அப்பா வாயத் தெறக்க மாட்டாரு" என்றாள்.

அப்போதும் நான் ஆன்லைன் கடையைத்தான் பார்த்தேன். பெரிய தள்ளுபடி விற்பனை வரப்போவதாக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்த மாடலும் அதில் இருந்தது. அதைக் கூடையில் போட்டு வைத்தேன். பணம் கட்டவில்லை.

பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது மருதையன் போன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"மச்சான், புதுக்கோட்டையில கடையிலதான் நிக்கிறேன். ஒண்ணு கைவசம் இருக்குங்குறாரு. நீங்க தப்பா எடுத்துக்கலன்னா எடுத்துரட்டா? சீரு ஒங்க பேருலயே இருக்கட்டும். பிள்ளைக்குப் பரீட்சை."

அந்த மனிதர் என் கௌரவத்துக்கு ஒரு வழியும் வைத்துவிட்டுத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "வேண்டாம் மாப்பிள்ளை. ஆர்டர் போட்டாச்சு. வந்துரும்."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்பச் சரிங்க மச்சான்" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நூறு தடவை கேட்டுக்கொண்டுவிட்டேன். கடைக்காரன் சொல்கிற விலைக்கு அவர் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஏமாறுகிறார் என்று தோன்றியது. இன்னொன்று, இத்தனை நாள் பார்த்துப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தது வீணாகிவிடும். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு எதிர்த்தட்டில் நான் வைத்தது இவ்வளவுதான்.

விற்பனை பரீட்சைக்கு மறுநாள்தான் தொடங்கியது. அதற்குமுன் வந்துவிடும், வந்துவிடும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, கடைசியில் ஆலங்குடிக்கு ஓடி ஒரு இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்தாள். பின்னால் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் கேமராவில் தெரிந்தார்கள். பரீட்சை தானாகவே மூடிக்கொண்டது. கேமரா வைத்துக் கண்காணிப்பது மலிவு. அது எனக்குத் தெரியாதா?

விற்பனை அன்று காலை நான் பணம் கட்டப் போனபோது அந்த மாடல் தீர்ந்துவிட்டிருந்தது.

6

பினாங்கிலேயே ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். திருச்சி விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். பிறந்த மண்ணில் இறங்குவதற்கு, வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியருக்குத் தரும் அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை நீட்டினால் அதிகாரி முகத்தைப் பார்க்கிறார், அட்டையைப் பார்க்கிறார், "எத்தனை நாள் இருப்பீங்க?" என்கிறார்.

கீரமங்கலத்தில் தட்டு, பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வாங்கி, லேப்டாப் பெட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். மேளம் இல்லை. மருதையன் முற்றத்தில் பூ மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. வாசலுக்கு வந்தவனை வாங்க என்று சொல்லாமலிருப்பதற்கு எங்கள் ஊரில் மிகுந்த பகை வேண்டும்.

வசந்தாதான் வெளியே வந்தாள். "எதுக்குண்ணே இம்புட்டுத் தூரம்? தபால்ல வந்துருமே. போட்டாச்சு, போட்டாச்சுன்னீங்களே."

"தப்புத்தான் ஆத்தா. தட்டை வாங்கிக்க."

சீர்த் தட்டை வீட்டுக்காரர்கள் கை நீட்டி வாங்கினால்தான் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அவள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அபிநயா உள்ளிருந்து வந்து பெட்டியில் ஒட்டியிருந்ததை நின்று வாசித்தாள்.

"வெலை எம்புட்டுக் கொறஞ்சுச்சு மாமா?"

சொல்லக் கூடாது என்று தெரிந்தது. என் வாய் சொல்லிவிட்டது. முதலில் என்ன விலை, இப்போது என்ன விலை, இரண்டையும் சொன்னேன். பழக்கதோஷம்.

"ரொம்பத்தான் கொறஞ்சிருக்கு" என்றாள். குரலில் கோபமே இல்லை. உள்ளே போய்விட்டாள்.

மருதையன் மூட்டையை இறுக்கி முடிந்தார். "கேட்டுக்கிட்டியா வசந்தா, ஒங்கண்ணன் சம்பாத்தியத்த? எம்மகள வச்சுல்ல மிச்சம் புடிச்சிருக்காரு."

"மாப்பிள்ளை…"

"யாருக்கு மாப்பிள்ளை? அன்னைக்கு கடைக்காரன் பெட்டியையே கையில குடுத்துட்டான்யா. திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். எதுக்கு? பெரிய மனுசன் வார்த்தைக்கு. ஒரு பூ யாவாரி வார்த்தை மாற மாட்டான், படிச்சவன் மாறுவானா?"

நான் தட்டை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். அதுவும் தவறு. வாங்காத வீட்டில் சீரை வைத்துவிட்டு வருவது திணிப்பு. அதனால்தான் அது கடல் தாண்டித் திரும்பி வந்திருக்கிறது.

7

பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் குமரன் பார்த்தான். "ஆன்லைனில் விற்றுவிடுங்கள் அப்பா. தள்ளிப்போட்டால் விலை இன்னும் இறங்கும்" என்றான். சிரிக்கவில்லை. அவனுக்கு முழுக் கதையும் தெரியாது. நான் சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை.

முந்தாநாள் மதியம் அபிநயா கூப்பிட்டாள். பூச்சந்தையில் ஏலச் சத்தம் கேட்டது. படிப்பு முடிந்து அங்கே ஒரு கமிஷன் கடையில் எடை எழுதுகிறாளாம்.

"மாமா, சத்தமா பேச முடியாது. ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வாராக. அறந்தாங்கிக்காரவுக. எனக்கு ஒரு வருசம் போதும் மாமா. இங்க கூலிய சேத்து நானே ஒண்ணு வாங்கிருவேன், வேற கம்பெனிக்கு எழுதுவேன். தாய்மாமன் வேணாம்னு சொன்னா அப்பா மீற மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கேக்குறதுக்கு வேற ஆளு இல்ல."

இத்தனைக்கும் பிறகு அவள் என்னைத்தான் கேட்டாள். தாய்மாமன் சம்மதிக்காமல் எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுக்க மாட்டார்கள். அந்த உரிமை என்னிடம் இருப்பதாக அவள் நம்பினாள்.

மருதையனைக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நான்தான் பேசுறேன். பிள்ளைக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். ஒரு வருஷம் பொறுங்க."

அவர் நிதானமாகக் கேட்டார். "பொறுக்கவா? நீங்களா சொல்றீங்க?"

"மாப்பிள்ளை, நான் செஞ்சது…"

"இன்னும் எதுக்குங்க பொறுக்கணும்? மாப்பிள்ளை வெலை எறங்குறதுக்கா?" என்றார். "வர்றவுக தாய்மாமன் எங்கன்னு கேப்பாக. இல்லன்னு சொல்லிக்கிறேன்." வைத்துவிட்டார்.

ஆயுள் முழுக்க எல்லாரிடமும் சொன்ன சொல் அது. ஒரே ஒரு தடவை அதை நியாயமான காரணத்துக்காகச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததாலேயே அது செல்லாமல் போயிற்று.

சாயங்காலம் அபிநயாவே மறுபடியும் கூப்பிட்டாள்.

"சொன்னீங்களா மாமா?"

அப்பா யோசிக்கிறேன் என்றார், பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு தடவை பேசுகிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் ஞாயிற்றுக்கிழமை காலை வரை என் போனுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சொன்னேன் ஆத்தா. அப்பா கேக்கல. இனிமே நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு. என்னால ஆகாது."

"நெசமாத்தானே சொல்றீங்க?"

"நெசமாத்தான்."

"சரி மாமா. அப்ப இன்னைக்கே நானே அவர்கிட்ட பேசிர்றேன். ஒங்களுக்காகக் காத்திருக்க வேணாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.